யாருடைய ‘நான்’? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஜோனா ரஸ் எழுதிய ‘தி ஃபீமேல் மேன்’ நாவலை அறிமுகம் செய்திருந்தோம். அமெரிக்காவில் தீவிரப் பெண்ணியமும் லெஸ்பியன் அரசியலும் கொதித்துக்கொண்டிருந்த நாட்களில் எழுதப்பட்டு 1975-இல் வெளிவந்த அறிவியல் புனைகதை. ஒரே மரபணு, நான்கு வெவ்வேறு உலகங்கள், நான்கு பெண்கள். ஜோனா 1969-ஆம் ஆண்டு நியூயார்க்கில் இருக்கிறார். ஜெனீனின் அமெரிக்காவில் பொருளாதார மந்தம் இன்னும் தீரவில்லை. ஹிட்லர் 1936-இலேயே செத்துப்போனதால் உலகப் போரும் நடக்கவில்லை. ஜேனட் வருவது ஆண்களே இல்லாத வைலவேயிலிருந்து. ஆண் நாடும் பெண் நாடும் நாற்பது ஆண்டுகளாகப் போரிடும் உலகம் ஜேயலுடையது. அறிமுகத்தைப் படித்துவிட்டு நாவலை வாங்கியவர்களிடமிருந்து பாராட்டும் வசவுமாகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. வசவுகளில்தான் சரக்கு அதிகம்.

நாற்பது பக்கம் தாண்டிவிட்டேன். யார் பேசுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. மேலே படிக்கவா, அலமாரியில் வைத்துவிடவா?
– வாசகி, மதுரை

படியுங்கள், ஆனால் கையில் பென்சில் இருக்கட்டும். நாவலில் ஒன்பது பாகங்கள். ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் எண்ணிட்ட சிறு பிரிவுகள். சில பிரிவுகள் சில பக்கம் ஓடும், சில ஒரே வரியில் முடியும். பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்தப் பிரிவுகளின் எல்லையில்தான். போன பிரிவில் பேசிய அதே ‘நான்’தான் இந்தப் பிரிவிலும் பேசுகிறாள் என்று எடுத்துக்கொள்கிறோம். ரஸ் அப்படி உத்தரவாதம் எதுவும் தரவில்லை.

ஒவ்வொரு பிரிவின் தலையிலும் பேசுபவர் பெயரைக் குறித்துக்கொண்டே போங்கள். அடையாளங்கள் இருக்கின்றன. கால் என்ற காதலன், மிஸ்டர் ஃபிராஸ்டி என்ற பூனை, நூலக வேலை, கல்யாணக் கவலை என்று வந்தால் அது ஜெனீன். அவர் பெரும்பாலும் ‘அவள்’ என்றே சொல்லப்படுவார். மனைவி வீட்டோரியா, மகள் யூரிகோ, காவல் வேலை, நாம் சாதாரணமாக நினைப்பதைப் பார்த்து வாய் பிளப்பது எல்லாம் ஜேனட். விருந்தில் ஒரு ஓரமாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கவனிப்பவர், வாசகரைப் பார்த்து நேராகப் பேசுபவர் ஜோனா. மற்றவர்களின் காட்சிகளிலும் பார்வையாளராக இவர் நுழைந்துவிடுவார். அங்கே இரண்டு பெயரைக் குறித்தாலும் பிழையில்லை.

இன்னொரு குரலும் உண்டு, பெயர் சொல்லாத குரல். இரண்டாம் பாகத்தின் முதல் பிரிவைப் பாருங்கள். நான் யார் என்பது எனக்குத் தெரியும், என் மேல் என்ன முத்திரை குத்தியிருக்கிறது என்பதுதான் கேள்வி என்கிற தொனியில் ஒருத்தி பேசுகிறாள். அவள் ஜேயல். முறைப்படி அவள் வந்து சேர்வதற்கு வெகுநேரம் ஆகும். அந்த இடத்தில் கேள்விக்குறி மட்டும் போட்டுவிட்டு நகருங்கள். எட்டாம் பாகம் முடிந்ததும் திரும்பிவந்து பார்த்தால், புத்தகத்தின் தொடக்கத்திலிருந்தே அவள் மற்ற மூவரையும் வேவு பார்த்துக்கொண்டிருந்தது தெரியும். அந்தக் குழப்பம் வேண்டுமென்றே வைத்தது. முதல் இரண்டு பாகங்களில் எல்லாம் புரிய வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள்தான் நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள்.

கதையும் இல்லை, பாத்திர வார்ப்பும் இல்லை, முன்னூறு ரூபாய்க்குக் கூச்சல்தான் மிச்சம். இதையே கொஞ்சம் நகைச்சுவையோடு சொல்லியிருந்தால் நாங்களும் கேட்டிருப்போமே?
– வாசகர், கோயம்புத்தூர்

ஐயா, ஏழாம் பாகம் வரை வந்தீர்களா? அங்கே நீங்கள் இருக்கிறீர்கள்.

அந்தப் பாகத்தின் ஒரு பிரிவு முழுவதும், இந்த நாவலுக்கு வரப்போகும் மதிப்புரைகளின் துண்டு துக்காணிகள். வெளிவராத புத்தகத்துக்கு ஆசிரியரே எழுதி வைத்த வசவுகள். கீச்சுக்குரல், கதை இல்லை, பாத்திரம் இல்லை, வடிவமே இல்லை, வீட்டு வேலை போன்ற அற்ப விஷயங்கள், எதிர்பார்த்தபடியே லெஸ்பியன் சமாச்சாரம், நிதானம் போதவில்லை, கொஞ்சம் நயமாக எழுதியிருந்தால்... இப்படி ஒவ்வொரு வாக்கியமும் பாதியில் அறுந்து அடுத்ததில் முட்டி நிற்கும். கடைசியில், வடிவியல் தேற்றத்தை முடிக்கும்போது போடுகிற ‘நிரூபிக்கப்பட்டது’ என்ற முத்திரை. உங்கள் கடிதத்தின் மூன்று குற்றச்சாட்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இது வெறும் குறும்பு இல்லை. 1971 வாக்கிலேயே நாவல் முடிந்துவிட்டது. பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பியதால் 1975-இல்தான் பேண்டம் நிறுவனத்தின் மலிவுப் பதிப்பாக வந்தது. என்ன காரணம் சொல்லி ஒரு பெண்ணின் எழுத்தை ஓரங்கட்டுவார்கள் என்பது ரஸ்ஸுக்கு அத்துப்படி. 1983-இல் அந்தச் சாக்குகளையே வகைப்படுத்தி ‘ஹவ் டு சப்ரஸ் விமன்ஸ் ரைட்டிங்’ என்று ஒரு தனி நூலே எழுதினார்.

ஆனாலும் உங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். யார் குறை சொன்னாலும் ‘பார்த்தாயா, அப்போதே சொன்னேன்’ என்று மடக்கிவிடும் தந்திர வேலி இது. வேலிக்கு உள்ளே நின்று கத்துவதில் பயனில்லை. பட்டியலில் இல்லாத குறையைச் சொன்னால்தான் விமர்சனம் நகரும். அப்படிப்பட்ட குறைகள் உண்டு. ஒன்று நிறவெறி: நான்கு பெண்களின் அடிப்படை அச்சு வெள்ளை அமெரிக்கப் பெண்தான், கறுப்பினப் பெண்களுக்கு இந்த நான்கு உலகிலும் என்ன நேர்ந்தது என்பதில் நாவலுக்கு அக்கறை போதவில்லை. இன்னொன்றைத் திருநங்கை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார், கீழே வருகிறது.

நகைச்சுவை பற்றி: ஜேனட் தொலைக்காட்சிப் பேட்டிக்குப் போகும் இடத்தை மறுபடி படித்துப் பாருங்கள். ஆண்கள் வைலவேக்குத் திரும்பி வர வேண்டாமா என்று கேட்கிறார் நடத்துபவர். எதற்கு என்கிறார் ஜேனட். ஒரு பாலினம் என்பது பாதி உயிரினம்தானே, உடலுறவையே ஒழித்துவிட்டீர்களா என்று அவர் சுற்றிச் சுற்றி வர, திருமணமாகி வீட்டில் மனைவி இருக்கிற ஜேனட்டுக்குக் கேள்வியே விளங்குவதில்லை. விளங்கியதும் விளக்கத் தொடங்குகிறார். அங்கேயே நிகழ்ச்சியைத் துண்டிக்கிறார்கள். இதற்குச் சிரிப்பு வரவில்லை என்றால் கோளாறு புத்தகத்தில் இல்லை.

ஆண்களே இல்லாத நாடு என்கிறீர்கள். நம் அல்லி ராஜ்யம்தானே இது? இதில் புதுமை என்ன?
– வாசகர், காரைக்குடி

அல்லி அரசாணி மாலையை ஒரு தடவை புரட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மதுரையை அல்லி ஆள்கிறாள், சுற்றிலும் பெண் படை, ஆணைக் கண்டாலே ஆகாது. கதை நகர்வதோ அர்ச்சுனன் வந்த பிறகுதான். கண்ணன் துணையோடு பாம்பாகி உள்ளே நுழைந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். பெண்ணரசு என்பது அங்கே ஆண் வந்து உடைப்பதற்காகக் கட்டிய கோட்டை. ஆங்கில அறிவியல் கதைகளிலும் இதே தடம் உண்டு: பெண்கள் ஆளும் உலகம், ஒரு வீரன் வருகிறான், ஒரு முத்தத்தில் ஆட்சி கவிழ்கிறது. இந்தக் கதைகளை வரிசையாக எடுத்துக் கிழித்து 1980-இல் ரஸ் ஒரு கட்டுரை எழுதினார்.

வைலவேயில் அர்ச்சுனனுக்கு வேலையில்லை. இரண்டு பெண்களின் கருமுட்டைகளை இணைத்துக் குழந்தை உருவாகிறது. சுமார் முப்பது வயதில் பெற்றுக்கொள்கிறார்கள். அடுத்த நாலைந்து ஆண்டு தாய்க்கு ஓய்வும் கொண்டாட்டமும். பிறகு குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள், அழுகையும் ஆர்ப்பாட்டமுமாக. வாரத்துக்கு 16 மணிநேர வேலை. எந்த ஒரு வேலையிலும் ஒரே மூச்சில் மூன்று மணிநேரத்துக்கு மேல் யாரும் நிற்பதில்லை, ஆபத்துக் காலம் தவிர. இதையெல்லாம் படித்துச் சொர்க்கம் என்று நினைத்தால் அதுவும் தப்பு. ஜேனட் நான்கு துவந்த யுத்தம் செய்து நான்கு பேரைக் கொன்றவர், அதைச் சாதாரணமாகச் சொல்கிறார். வேலையை விட்டு ஓடுகிறவளைத் தேடிப்போய்ச் சுடுவதும் அவர் உத்தியோகத்தில் சேர்த்தி.

காரைக்குடி நண்பருக்கு அக்கம்பக்கத்துச் செய்தி ஒன்று. பெண்கள் ஆளும் அறிவியல் நாடு என்ற கற்பனை சென்னையிலேயே அச்சேறியிருக்கிறது. வங்காள எழுத்தாளர் ரொக்கேயா உசேனின் ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் வெளியானது, கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில். அங்கே ஆண்கள் அந்தப்புரத்தில் அடைபட்டுச் சமையல் பார்க்கிறார்கள்; பெண்கள் சூரிய வெப்பத்தைத் திரட்டிப் பகைவரை ஓட்டுகிறார்கள். ரொக்கேயா ஆணை வீட்டுக்குள் வைத்தார், ரஸ் வெளியே அனுப்பினார். பெண்ணுக்குப் பெண் துணை என்ற பேச்சு ரொக்கேயாவிடம் கிடையாது.

வைலவேயில் ஆண்கள் கொள்ளைநோயில் செத்தார்கள் என்கிறார் ஜேனட். கடைசியில் ஜேயல் வேறு மாதிரி சொல்கிறாரே, எது உண்மை?
– வாசகி, யாழ்ப்பாணம்

கூர்ந்து படித்திருக்கிறீர்கள். நோய் என்று எதுவும் இல்லை, அந்த நோயே நான்தான் என்கிறார் ஜேயல். அதாவது ஒரு காலத்தில் ஜேயல் போன்ற பெண்கள் ஆண்களைக் கொன்றொழித்த பிறகு மலர்ந்த உலகம்தான் வைலவே. பின்னால் வந்த சந்ததி அதை நோய் என்று மாற்றிச் சொல்லிக்கொண்டது. ஜேனட் இதை நம்ப மறுக்கிறார். தீர்ப்பு சொல்லாமல் ரஸ் ஒதுங்கிவிடுகிறார். நாம் சாய்வது ஜேயல் பக்கம். இல்லாவிட்டால் அந்த இடத்தில் அவரை அப்படிப் பேசவைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஜேயலுக்கும் இப்படிச் சொல்வதில் ஆதாயம் உண்டு, ஜேனட்டிடம் அவருக்கு ஆக வேண்டிய காரியம் இருக்கிறது. அதையும் மறக்காதீர்கள்.

எட்டாம் பாகம் படித்த பிறகு வாந்தி வராத குறை. ஓர் ஆளைக் கிழித்துக் கொன்றுவிட்டு எனக்குப் பிடித்திருந்தது என்கிறாள். ஆசிரியர் இதை ஆதரிக்கிறாரா?
– வாசகர், சேலம்

பத்துக் கடிதம் வந்தால் ஆறு இந்தக் கேள்விதான். நாவல் மேல் விழும் பழிகளில் பெரும்பாலானவை ஜேயலின் வாயை ரஸ்ஸின் வாய் என்று எடுத்துக்கொள்வதால் வருகின்றன.

காட்சியை மெதுவாகப் பாருங்கள். ஜேயலின் பற்கள் எஃகு, மேலே போலிப் பல் உறை. விரல் நுனித் தோலுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் நகங்கள். ஆண் நாட்டுத் தலைவன் ஒருவனிடம் பேரம் பேசப் போகிறார். அவன் பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். சமத்துவம், சமாதானம், உனக்கும் இது வேண்டும்தானே என்று வழிந்து, அவள் சொல்லும் ‘வேண்டாம்’ எதுவும் காதில் ஏறாமல் மேலே கை வைக்கிறான். நகங்கள் வெளியே வருகின்றன. இது அவசியமா என்று மற்ற மூவரில் ஒருத்தி கேட்கும்போதுதான் நீங்கள் சொன்ன பதில் வருகிறது. அடுத்து ஜேயலின் வீட்டில் டேவி என்ற அழகுப் பொம்மை ஆண். சொன்னதைச் செய்யும் உடம்பு, புத்தி கிடையாது. ஆண்கள் பெண்ணை எப்படி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார்களோ அதை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார் ரஸ். வயிற்றைப் புரட்ட வேண்டும் என்றுதான் எழுதினார், புரட்டியிருக்கிறது.

ஆதரிக்கிறாரா என்றால், விடை ஒன்பதாம் பாகத்தில் இருக்கிறது. தன் படைக்கு உங்கள் உலகங்களில் தளம் தருவீர்களா என்று ஜேயல் கேட்கிறார். உடனே சம்மதிப்பவர் யார்? கல்யாணத்துக்கும் கண்ணீருக்கும் நடுவே நசுங்கிக் கிடந்த, எதற்கும் வாய் திறக்காத ஜெனீன். மாட்டேன் என்று சொல்வது நான்கு கொலை செய்த ஜேனட். ரொம்பவும் அடங்கிக் கிடந்தவள்தான் முதலில் கதவைத் திறந்துவிடுகிறாள். ரஸ் எந்தப் பக்கம் என்பதைவிட இந்த ஏற்பாடுதான் பயமுறுத்துகிறது.

ஆண் நாட்டில் சில இளைஞர்களை அறுவை செய்து ‘மாற்றி’, பெண்களாகப் பயன்படுத்துகிறார்கள் என்று வருகிறது. ஒரு திருநங்கையாக அந்தப் பக்கங்கள் எனக்கு அவமானமாக இருந்தன. இதைப் பற்றி ஏன் எழுதவில்லை?
– வாசகர், விழுப்புரம்

எழுதியிருக்க வேண்டியதுதான், சென்ற இதழ் அறிமுகத்தின் குறை அது. பெண் இல்லாத இடத்திலும் ஆண்கள் ஒரு ‘பெண்ணை’ உற்பத்தி செய்துகொள்வார்கள் என்று காட்டுவதற்காக ரஸ் அந்த உடல்களைப் பயன்படுத்தினார். பால் மாறியவர் என்பவர் ஆணதிகாரத்தின் கைப்பொம்மை, அவருக்கென்று சொந்த விருப்பம் கிடையாது என்ற எண்ணம் அன்றைய தீவிரப் பெண்ணியத்தின் ஒரு பகுதியில் பரவலாக இருந்தது. நாவல் அதை அப்படியே விழுங்கியிருக்கிறது. ஜெனீனுக்கு இருக்கும் மனசு, அந்தப் பாத்திரங்களுக்கு இல்லை.

2006-இல் விஸ்கான் என்ற பெண்ணிய அறிவியல் புனைகதை மாநாட்டில், எழுத்தாளர் சாமுவேல் டெலானியோடு தொலைபேசி வழியாக ரஸ் உரையாடினார். இதைப் பற்றிய கேள்வி அங்கே எழுந்தது. தன் தப்பெண்ணங்களை வாழ்க்கை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டது, அவற்றில் எதுவுமே உண்மையில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். புத்தகம் மாறாது, அந்தப் பக்கங்களை அப்படியே வைத்துத்தான் படித்தாக வேண்டும். படிக்காமல் தாண்டிப்போகவும் உங்களுக்கு உரிமை உண்டு, எட்டாம் பாகத்தின் ஓட்டம் அதனால் கெடாது.

இப்படிப்பட்ட பெண்கள் நிஜத்தில் இருந்தார்களா, கற்பனையா?
– வாசகி, நாகர்கோவில்

இருந்தார்கள். 1970 மே 1 அன்று நியூயார்க்கில் பெண்கள் ஒற்றுமை மாநாடு. திடீரென்று அரங்கில் விளக்கு அணைகிறது. மறுபடி எரியும்போது ‘லாவண்டர் மெனஸ்’ (ஊதா அபாயம்) என்று எழுதிய சட்டையோடு பெண்கள் மேடைப் பக்கமும் கூட்டத்துக்குள்ளும் நிற்கிறார்கள். லெஸ்பியன்களால் இயக்கத்துக்குக் கெட்ட பெயர் என்ற பொருளில் பெண்ணியத் தலைவர் பெட்டி ஃபிரீடன் பயன்படுத்திய வசைச்சொல் அது; அதையே சட்டையில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். அன்று அறிக்கை விநியோகித்தவர்களிலிருந்துதான் ராடிகலெஸ்பியன்ஸ் குழு வளர்ந்தது. மறு ஆண்டு வாஷிங்டனில் ஃபியூரீஸ் குழு, ஒரே வீட்டில் கூட்டுக் குடித்தனம் நடத்தி 1972 ஜனவரியிலிருந்து பத்திரிகையும் போட்டது. அந்த வீடு 2016-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது.

ரஸ் அந்தக் குழுக்களின் ஆள் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1969 தொடக்கத்தில் அங்கே பெண்கள் பற்றிய கருத்தரங்கு நடந்தது. அந்தச் சூட்டில்தான் வைலவே பிறந்தது.

எங்கள் வாசக வட்டத்தில் பன்னிரண்டு பேர். இதை எடுக்கலாம் என்றால், சண்டையில் முடியுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிப் பிரித்துப் படிப்பது?
– வாசகர், திருச்சி

நான்கு அமர்வு. முதலில் ஒன்று, இரண்டு; அடுத்து மூன்று, நான்கு; பிறகு ஐந்து முதல் ஏழு; கடைசியில் எட்டும் ஒன்பதும். எட்டையும் ஒன்பதையும் பிரிக்கவே கூடாது. எட்டோடு கூட்டத்தைக் கலைத்தால் எல்லாரும் ஜேயலின் நகத்தோடு வீட்டுக்குப் போவார்கள்; அடுத்த மாதம் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

பன்னிரண்டு பேரையும் மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூவருக்கும் ஒரு ஜே-யை (நால்வர் பெயரும் ஆங்கில ‘ஜே’ எழுத்தில்தானே தொடங்குகிறது) ஒப்படையுங்கள். ஜேயல் குழுவுக்கு முதல் அமர்வில் வேலையே இருக்காது, அலுத்துக்கொள்வார்கள். இரண்டாம் பாகத்தின் முதல் பிரிவை மட்டும் அவர்களிடம் கொடுத்து, பேசுவது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் பாகத்து மன்ஹாட்டன் விருந்தைப் பாத்திரம் பிரித்து உரக்கப் படிக்கலாம். ஜேனட்டிடம் வழிந்து கையை நீட்டி ஒருவன் அடிபடுகிறானே, அந்த விருந்து. ஆண்களின் நீலக் கையேடு, பெண்களின் இளஞ்சிவப்புக் கையேடு என்று இன்ன நிலைமையில் இன்னபடி நடந்துகொள் எனச் சொல்லும் இரண்டு சின்னப் புத்தகங்கள் அங்கே வருகின்றன. அவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வட்டத்தில் வாய் திறக்காதவர்களும் பேசுவார்கள். ஏழாம் பாகத்து மதிப்புரைத் துண்டுகளை ஆளுக்கு ஒன்றாக, வேகமாக, இடைவெளி விடாமல் படிக்க வேண்டும். நிதானமாகப் படித்தால் செத்துப்போகும்.

ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ‘ஆசிரியர் சொல்கிறார்’ என்று யாரும் தொடங்கக் கூடாது, எந்த ஜே சொல்கிறார் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி நடக்கட்டும்.

கல்லூரி முதலாண்டு படிக்கும் மகள் கேட்கிறாள். கொடுக்கலாமா?
– வாசகி, புதுச்சேரி

கொடுக்கலாம். இரண்டு இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான்காம் பாகத்தில் ஜேனட்டுக்கும் லாரா என்ற பள்ளி வயதுப் பெண்ணுக்கும் உடல் உறவு வருகிறது. தலைமுறை தாண்டிய உறவு வைலவேயிலேயே விலக்கு, ஜேனட்டுக்கும் அது தெரியும். ரஸ் அதைக் கடந்துபோகும் விதம் இன்று உறுத்துகிறது. எட்டாம் பாகத்தில் கொலையும் டேவியும். மற்றபடி அவள் அன்றாடம் கைபேசியில் பார்ப்பதைவிட இதில் ஒன்றும் கூடுதல் இல்லை.

முழு நாவலுக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு?
– வாசகர், சிங்கப்பூர்

1972-இல் வந்த ‘வென் இட் சேஞ்ச்டு’ சிறுகதையை எடுங்கள். சில பக்கம்தான், அறிவியல் புனைகதைக்கான நெபுலா பரிசு பெற்றது. அதில் போக்குவரத்து தலைகீழ்: பூமியிலிருந்து நான்கு ஆண்கள் வைலவேயில் வந்து இறங்குகிறார்கள், பேச்சு முழுக்கத் தேனாக. இனி எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். அந்த ஜேனட்டின் மனைவி கேட்டி துப்பாக்கியைத் தூக்குகிறாள், ஜேனட் தட்டிவிடுகிறாள். தட்டிவிட்டது சரியா என்று நாவலைப் படித்தவர்களும் படிக்காதவர்களும் எழுதலாம். அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.